கடற்காற்றில் ஒரு டி480: பிரித்து மாட்டிய குறிப்புகள்

நவம்பர் 3

சென்னை தண்டையார்பேட்டை வீடு. லெனோவோ திங்க்பேட் டி480 லேப்டாப். ஆன் செய்ததுமே ஃபேன் இரைகிறது, பிரவுசரைத் திறந்தால் மெஷின் தவழ்கிறது. உள்ளே ஐ5-8250யூ பிராசசர் சிப், 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்சாரில் 97. வெளியிலிருந்து ப்ளோயரால் ஊதிப் பயனில்லை. அழுக்கு ஃபேனுக்கும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கும் இடையில் சிக்கியிருக்கும். ஊதினால் இன்னும் இறுகும். பிரித்தே ஆக வேண்டும்.

தேவையானவை: பிஎச்0, பிஎச்1 அளவு ஸ்குரூ டிரைவர் (கூட்டல் குறி முனை), 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ், பழைய சிம் கார்டு, தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) 1 கிராம். பாரிமுனைப் பக்கம் போனால் எல்லாம் கிடைக்கும்.

நவம்பர் 4

இந்த மாடலில் இரண்டு பேட்டரி. பின்பக்கம் மாட்டியிருக்கும் பேட்டரியைக் கழற்றினாலும் உள் பேட்டரியிலிருந்து போர்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஸ்குரூ டிரைவர் நழுவினால் போர்டு காலி. அதனால் முதல் வேலை பயாஸில் (மெஷின் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை): கான்ஃபிக், பவர், அங்கே 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி'. சார்ஜரை முன்பே பிடுங்கியிருக்க வேண்டும்.

பின் கவரில் 6 ஸ்குரூ. தளர்த்தினால் போதும், கவரோடே நிற்கும். ஓரத்தில் சிம் கார்டைச் செருகிச் சுற்றிலும் நகர்த்தினால் கிளிப்புகள் டக் டக்கென்று விடும். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம், கவர் விளிம்பு நசுங்கும்.

ஹீட்சிங்க் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும். கழற்றும்போது 4-லிருந்து 1, மாட்டும்போது 1-லிருந்து 4. ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது; ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக முடுக்க வேண்டும். சிப்பின் சிலிக்கான், மேல்மூடி இல்லாமல் வெளியே தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் அழுந்தினால் மூலை தெறித்துவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது.

ஃபேனை எடுத்ததும் தகடுகளின் வாயில் சாம்பல் நிறப் படலம், கம்பளித் துண்டு மாதிரி ஒரே பாளமாக உரிந்து வந்தது. காற்று போக வழியே இருந்திருக்காது. பிரஷ் போடும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். ஊதி வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

நவம்பர் 5

ரேம் (மெமரி அட்டை) முனைகளில் மங்கலான கறை. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்துவிடும். இங்கே ராத்திரியில் அது சர்வசாதாரணம். அந்த உப்புநீர்தான் செம்பில் பச்சை பூக்க வைப்பது. பலரும் பென்சில் ரப்பரால் தேய்க்கிறார்கள். தங்க முலாம் தேய்ந்து அடியிலுள்ள நிக்கல் வெளியே வரும், அப்புறம் அரிப்பு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்தாலே போதும்.

பழைய பேஸ்ட்டையும் அதே ஆல்கஹாலில் துடைத்து, புதிதாக ஒரு அரிசி அளவு, சிப்பின் நடுவில். அழுத்தத்தில் அதுவே பரவும்.

நவம்பர் 6

மாட்டியதும் பவர் பட்டனை அழுத்தினால் அசைவில்லை. பதற வேண்டாம்: பயாஸில் அணைத்த பேட்டரி, சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். திரையில் 'ஃபேன் எரர்' வந்து அணைந்தால் ஃபேன் கனெக்டர் சரியாக உட்காரவில்லை. திரும்பத் திறந்து, ஒயரை இழுக்காமல், பிளாஸ்டிக் தலையை மட்டும் அழுத்த வேண்டும்.

முழு லோடில் இப்போது 78 டிகிரி.