மறுகால் பாய்ந்த வாரம் முதல் சித்திரை வரை

கார்த்திகையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த வாரத்தில்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரையேறத் தொடங்கினேன். மதுரைக்கு மேற்கே, நாகமலையைப் பார்த்தபடி கிடக்கும் சிறிய கண்மாய் அது. அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டிக்குப் போய்வந்தேன். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பாறையில் வல்லூறு வந்து உட்காரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். உட்காரவும் செய்தது. படத்தில் மிளகளவுதான் விழுந்தது. என்னிடம் இருப்பது பழைய நிக்கான் டி5600 கேமராவும் 70-300 லென்சும். அந்த உயரத்துக்கு அது எட்டாது. வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தினமும் கண்ணில் படும் உயிர்களை ஒழுங்காகப் படமெடுக்கக் கற்றுக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தேன்.

முதல் மாதம் எடுத்தவற்றில் பெரும்பாலானவை பறந்தோடும் பறவைகளின் முதுகுகள். கரைமேல் நடப்பேன், கொக்கைப் பார்ப்பேன், கேமராவைத் தூக்குவேன், அது எழும்பிவிடும். ஆடு மேய்க்க வரும் பெரியவர் ஒருவர் இதை நாலைந்து நாள் கவனித்திருக்கிறார். ஒருநாள் பக்கத்தில் வந்து, "தம்பி, கரை உச்சியில் நின்றால் வானத்தில் ஆள் நிற்கிற மாதிரிதான் அதற்குத் தெரியும். இறங்கி உட்காருங்கள். நீங்கள் அதைப் பார்ப்பது இருக்கட்டும், அது மீனைப் பார்க்கட்டும்" என்றார்.

மறுநாளே கரையின் உட்சரிவில் இறங்கி, மடைக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் கண்மாயின் கரை கிழக்கே இருப்பதால் காலை வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். ஏழு மணி வரை கரையின் நிழல் என்மேல் விழுந்து மறைவு கொடுக்கும்; எதிரே தண்ணீரில் நல்ல வெளிச்சம் இருக்கும். பின்னணிக்கு நாகமலை நீலமாகக் கிடக்கும். இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் முதலில் முக்குளிப்பான்கள் பயம் தெளிந்து அருகே வந்து முங்கி எழத் தொடங்கும். அதைப் பார்த்து மற்றவையும் வரும். கேமராவை முழங்காலில் ஊன்றி, லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இறக்கிவிட்டால் பறவையின் கண் நேராக நம்மைப் பார்க்கும். மேலிருந்து எடுத்த படங்களில் இல்லாத உயிர் இதில் வந்துவிடுகிறது.

மடைக்கல்லில் தினமும் ஒரு மடையான் கொக்கு நிற்கும். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம்; சிறகை விரித்த நொடியில் பளீர் வெள்ளை. பழுப்பு முதுகுக்கு வெளிச்சத்தைச் சரிசெய்து வைத்திருப்பேன், அது எழும்பியதும் சிறகு முழுக்க வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். இறகின் வரி ஒன்றுகூடத் தெரியாது. பின்புலத்தில் கருந்தண்ணீர் பரந்து கிடந்தால் கேமரா ஒட்டுமொத்தப் படத்தையும் இருட்டு என்று கணக்குப்போட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது; வெள்ளை இறகு அதில் கரைந்துபோகிறது. இப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தின் அளவை, முன்கூட்டியே மைனஸ் ஒன்றுக்கு இறக்கிவிட்டுத்தான் காத்திருக்கிறேன். மங்கலாக விழும் முதுகுக்குக் கணினியில் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்துப்போன சிறகை மீட்க வழியில்லை. கருத்த உடம்புள்ள நீர்க்காகத்துக்கும் நாமக்கோழிக்கும் இதற்கு நேர்மாறாக, வானம் பின்னால் இருந்தால் கூட்டி வைக்க வேண்டும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடிப்பதை 2500-இல் ஒரு பங்கு நொடி வேகத்தில் பிடித்தேன். தை மாதத்தின் நல்ல படம் அது ஒன்றுதான்.

மாசியில் ஒரு குழப்பம். ஒன்பது மணிக்குமேல் எடுத்த தூரத்துப் படங்கள் எல்லாமே கலங்கலாக இருந்தன. லென்ஸ் போய்விட்டது என்றே நினைத்துப் பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் சோதித்துவிட்டு லென்ஸில் ஒன்றுமில்லை என்றார்கள். காரணம் கானல். சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று ஒளியை நெளியச் செய்கிறது. எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும் இதே கதிதான். பக்கத்தில் இருப்பதை எடுக்கலாம், தூரத்தில் இருப்பதை மறுநாள் விடியலுக்கு விட்டுவிட வேண்டும்.

பங்குனியில் மேற்குப் பக்கம் தண்ணீர் வற்றி வெடித்த மண் தெரிந்தது. அங்கே நடந்தபோது இரண்டு ஆட்காட்டிக் குருவிகள் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றின. ஏன் இப்படிக் கத்துகின்றன என்று யோசித்தபடி இன்னும் பத்தடி போன பிறகுதான் கண்டேன்: மண்கட்டிகளுக்கும் ஆட்டுப்புழுக்கைகளுக்கும் நடுவே நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்ளே பார்த்தபடி. மண் நிறத்தில் கரும்புள்ளிகள். ஒரு எட்டு தள்ளி வைத்திருந்தால் மிதித்திருப்பேன். அந்த வெயிலில் என்னால் முட்டைகள் மூடுவாரின்றிக் கிடந்தன என்று நினைக்க நெஞ்சு படபடத்தது. படம் எடுக்காமல் வந்த வழியே திரும்பினேன். எந்த இடத்துக்குப் போன பிறகு அவை கத்தலை நிறுத்துகின்றன என்று பார்த்தேன். கிட்டத்தட்ட எழுபது தப்படி, ஒரு நாட்டுக்கருவேல மரத்தடி. அதற்கப்புறம் அந்த மரத்தைத் தாண்டியதில்லை.

அங்கிருந்து ஒருநாள் பதினொரு மணிக்குப் பைனாகுலரில் பார்த்ததை மறக்க முடியவில்லை. தாயோ தந்தையோ, இரண்டும் ஒரே தோற்றம், எஞ்சியிருந்த தண்ணீருக்கு ஓடியது. குடிக்கவில்லை. காலை மடித்து உட்கார்ந்து வயிற்றை மூன்று முறை நனைத்தது. ஓடி வந்து, சற்று நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஈர வயிற்றோடு முட்டைகள்மேல் மெல்ல இறங்கியது. சூட்டைத் தணிக்கத்தான். கானலில் எடுத்த படம், கூர்மையே இல்லை. ஆனாலும் நனைந்த இறகுகள் கொத்துக்கொத்தாக ஒட்டித் தொங்குவதும் ஒரு துளி முட்டைக்கு மேலே நிற்பதும் தெரிகின்றன. இந்த ஆறு மாதத்தில் நான் எடுத்தவற்றில் பிரிண்ட் போட்டு வைத்திருப்பது இதை மட்டும்தான்.

சித்திரை இரண்டாம் வாரம் குழியில் முட்டைகள் இல்லை. நாய் தின்றுவிட்டதோ என்று கலங்கினேன். அரைமணி நேரம் கழித்துப் பெரியது ஒன்று மெதுவாகக் குரல் கொடுத்தது. மண்கட்டி என்று நினைத்த ஒன்று எழுந்து ஓடியது. பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. பருந்தின் நிழல் கடந்தபோது மூன்றும் அப்படியே மண்ணோடு படிந்தன. எங்கே படுத்தன என்று தெரிந்தும் லென்ஸில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான்காவதை இன்னும் பார்க்கவில்லை. நாளை விடியலில் கருவேல மரத்தடிக்குப் போகிறேன்.