தேவாரத்தை வைத்துப் பைத்தான் கற்கலாம்

தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் தமிழோ வரலாறோ படிக்கும் தம்பி தங்கைகள் பலர், கோடிங் என்றாலே கணக்குப் படித்தவர்கள் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நான் கும்பகோணத்தில் எம்.ஏ. தமிழ் படித்தவள்; பிளஸ் டூவில் கணினி அறிவியல் கிடையாது. முனைவர் பட்ட ஆய்வுக்காகத்தான் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றேன்.

யூடியூப் பாடங்களில் வரும் கால்குலேட்டர், பகா எண் பயிற்சிகளிலேயே நின்றுவிடாதீர்கள். ஸ்ட்ரிங், லிஸ்ட், டிக்ஷனரி, ஃபார் லூப், கோப்பைத் திறப்பது, இந்த அடிப்படைகள் பிடிபட்டதும் உங்கள் நூலை எடுத்துவிடுங்கள். நான் எடுத்தது சம்பந்தர் தேவாரம். காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று பாடல் பெற்ற தலங்கள் நம்மைச் சுற்றித்தானே இருக்கின்றன! கேட்டுப் பழகிய பதிகம் என்றால் நிரல் தவறாகச் சொல்லும்போது சட்டென்று தெரிந்துவிடும். தமிழ் நூல்களை மின்பதிப்பாக இணையத்தில் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூலநூல் இலவசமாகக் கிடைக்கிறது.

ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய பாடங்கள் தமிழில் இடறும் இடங்கள் சில உண்டு. ‘காவிரி’யின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 6 என்னும். க, வ, ர தனியாகவும் அவற்றின் உயிர்க்குறிகள் தனியாகவும் எண்ணப்படுவதுதான் காரணம். நாம் எண்ணுவதுபோல் 3 வேண்டுமென்றால் தமிழுக்கென்றே எழுதிய ஓப்பன்-தமிழ் நிரலகம் (லைப்ரரி) இருக்கிறது. எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில், சொல்லெழுத்துக்கு என்று சொல்லித்தரும் \w குறியீட்டைப் போட்டாலோ, உயிர்க்குறிகள் உதிர்ந்து க, வ, ர என்று மூன்று துண்டாகிவிடும். அதற்குப் பதிலாக, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கிய பகுதி முழுவதையும் எல்லையாகக் கொடுங்கள். அப்புறம், ‘பொன்னி’யில் உள்ள ஒகரக்குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு சொல். எண்ணத் தொடங்கும் முன்பே இரண்டாக இருப்பதை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) முறையில் சீராக்கிவிடுங்கள்.

சரி, என்ன கேள்வி கேட்பது? விடையை ஓரளவு அறிந்த கேள்வியாகப் பாருங்கள். சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் 8ஆம் பாட்டில் இராவணன் வருவான். 9இல் திருமாலும் பிரமனும், 10இல் சமணரும் சாக்கியரும். ‘இராவணன்’ என்று மட்டும் தேடினால் பல பதிகங்கள் விட்டுப்போகும். அரக்கன், இலங்கையர்கோன், மலை எடுத்தவன் என்றெல்லாம் அல்லவா பாடியிருக்கிறார்! இந்தப் பட்டியலைத் தயாரிக்க எந்த மென்பொருளும் வேண்டாம், பதிகம் படித்தவர் வேண்டும். பொறியியல் மாணவர் சற்றுத் தயங்கும் இந்த இடத்தில் தமிழ் மாணவர் சரசரவென்று முன்னே போகலாம். நமக்கு இதில் உண்மையான வேலை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

நூலின் எந்தப் பாடத்தை, அதாவது எந்த வடிவத்தை எடுக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சீர் பிரித்த பாடத்தில் ஒரு சொல்லின் நடுவிலேயே இடைவெளி விழும். சந்தி பிரித்த பாடமோ பதிப்புக்குப் பதிப்பு மாறும். சில பதிகங்களைக் கையால் எண்ணி நிரலின் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் பதிப்பு, எப்படிப் பிரித்தீர்கள், எந்தச் சொற்களைச் சேர்த்து எண்ணினீர்கள் என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். என் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்டதே அதைத்தான்.