டீயோடு போட்ட மாத்திரை

சென்னை கண்ணகி நகரில் நகர சுகாதார செவிலியராகச் சேர்ந்த புதிதில், கர்ப்பிணிகள் செக்கப்புக்கு வராததற்கு அலட்சியம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். தப்பு. 2000-லிருந்து கூவம், அடையாறு ஓரத்துக் குடிசைகளை எடுத்து இங்கே குடியமர்த்தினார்கள். குடும்பம் வந்தது, பிழைப்பு பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. விடியற்காலை பஸ் ஏறி வீட்டு வேலைக்குப் போகிறவர் பகல் நேரச் செக்கப்புக்கு வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். லீவு கூடினால் அந்த வீட்டு வேலையே போய்விடும்.

அப்படி ஒருவர், ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். அடுத்த மாதம் 8.3. "மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்று எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டேன். அவர் வாயே திறக்கவில்லை.

மனசு கேட்காமல் ஒரு நாள் இருட்டிய பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி. பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து அட்டைகளை எடுத்துக் காட்டினார். எண்ணினேன். ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை.

"எப்போம்மா போடுற?"

"காலைல மொத வீட்ல டீ குடுப்பாங்க சிஸ்டர். அதோட."

எனக்குக் கூசிப்போயிற்று. டீயில் இருக்கும் டானின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. 'தினமும் ஒண்ணு' என்று சொல்லி அனுப்பியவள், எதோடு போடுகிறாய் என்று கேட்டதில்லை.

மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினோம், எலுமிச்சை சாற்றோடு. அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. ஆதாரில் பழைய சிந்தாதிரிப்பேட்டை முகவரி இருந்ததால், அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி தனக்குக் கிடைக்காது என்று விட்டிருந்தார். ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய்! கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்குக் கிடைக்கும் பிக்மி நம்பர் இல்லாவிட்டால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும். அங்கேயே உட்கார்ந்து விவரங்களை எழுதிக்கொண்டேன்.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், ஆறு மணிக்கு மேல் பிபி மிஷினோடு மாடி ஏறுகிறேன். கால் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அடுப்படியில் நின்று பேசும்போது வருகிற பதில் ஓபி வரிசையில் வருவதில்லை.

ஒன்பதாம் மாதம் ஹீமோகுளோபின் 10.4. எழும்பூரில் பிரசவம், பெண் குழந்தை, 2.8 கிலோ. ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு புதன்கிழமை தூக்கிவந்தார். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் மாத்திரை உண்டு. அட்டையை நீட்டினேன்.

"ராத்திரிதானே சிஸ்டர்?" என்று முந்திக்கொண்டார்.