தம்பியின் கட்ஆஃப் 183.5. இதற்கு எந்தக் காலேஜ்?

தம்பி பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தான். கணக்கு 94, இயற்பியல் 88, வேதியியல் 91. கணக்கை முழுசாக எடுத்து, மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 94, 44, 45.5. கட்ஆஃப் 200-க்கு 183.5. ரிசல்ட் வந்த ராத்திரியே, "அக்கா, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்குமா?" என்று ஆரம்பித்துவிட்டான்.

அப்பா தக்காளி மண்டிக்குப் போகிறவர். ரேங்க் வரிசைப்படி சீட்டு ஒதுக்கும் இன்ஜினியரிங் கவுன்சலிங் எனக்கும் புதுசு. விண்ணப்பம் போட்டுக் கொடுத்த பிரவுசிங் சென்டரில் போன வருஷக் கட்ஆஃப் பட்டியலைக் காட்டி, "இந்த அஞ்சு காலேஜ் நிச்சயம்" என்றார்கள். நம்பினோம். ரேங்க் லிஸ்ட் வந்ததும் வயிற்றைக் கலக்கியது. போன வருஷம் அதே 183.5 எடுத்தவர்களை விட இவன் வெகு தூரம் பின்னால் இருந்தான். நிறையப் பேர் மார்க்கை அள்ளிய வருஷத்தில் அதே மார்க்குக்கு மதிப்பு குறைந்துவிடுகிறது. ரேங்கை ரேங்கோடு வைத்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அதிலும் எந்த ரேங்க்? பொது ரேங்கைப் பார்த்துத்தான் முதலில் பயந்தோம். நாங்கள் எம்பிசி, அதாவது மிகவும் பிற்படுத்தப்பட்டோர். அதற்கு 20 சதவீத ஒதுக்கீடு, அதில் ஒரு ரேங்க். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்னொரு ரேங்க். அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம் அரசே கட்டும் என்பது எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். காலேஜும் பாடப்பிரிவும் ஒரு பக்கம், போன வருஷம் 7.5-இல் அங்கே கடைசியாகச் சீட்டு வாங்கியவர் ரேங்க் அடுத்த பக்கம். தம்பி ரேங்கை விட அது நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தால் பச்சை, நெருக்கமாக இருந்தால் நீலம், எட்டாததற்குச் சிவப்பு. இரண்டு ராத்திரி ஆனது.

சாய்ஸ் போடும்போதுதான், அதாவது வேண்டிய காலேஜ்களை வரிசையாகப் பதியும்போதுதான், பெரிய தப்பு நடக்க இருந்தது. பக்கத்தில் இருக்கிறது, கட்டாயம் கிடைக்கும் என்று பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியை முதல் வரியில் போட்டிருந்தான். மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். முதல் வரியே கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே எழுதியது எதையும் பார்க்கவே மாட்டார்கள். எட்டாத காலேஜை மேலே போட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, அடுத்த வரிக்குப் போய்விடும். எல்லாவற்றையும் அழித்து ஆசைப்பட்ட வரிசையில் மறுபடி போட்டோம். சிவப்பில் இருந்த கிண்டி மேலே, நீலம் நடுவில், பர்கூர் பத்தொன்பதாவது.

முதலில் சேலம் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி வந்தது. சீட்டை ஏற்றுக்கொண்டு, மேலே காலியானால் மாறிக்கொள்கிறோம் என்ற வாய்ப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். கடைசியில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்கல். நோட்டில் நீலத்தில் இருந்த வரி. அந்த நோட்டை இப்போது எதிர்வீட்டு அத்தை தன் மகளுக்காக வாங்கிப் போயிருக்கிறார்.