மூன்று முகங்கள், மூன்று கருப்புக் கட்டங்கள்

இன்று மாலை காட்பாடி அலுவலகத்திலிருந்து ஆறு பேர் கொண்ட வீடியோ அழைப்பைத் தொடங்கியபோது, என் திரையில் என்னையும் சேர்த்து மூன்று முகங்களும், பெயர் மட்டும் எழுதிய மூன்று கருப்புக் கட்டங்களும் தெரிந்தன.

கருப்பாகிப்போன குடியாத்தத்து நண்பரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டேன். தங்கள் மூவரும் தெளிவாகத் தெரிவதாகவும், நாங்கள்தான் கருப்பு என்றும் சொன்னார்.

அதுவே துப்பு. வீடியோ அழைப்பு மென்பொருளான ஜிட்சியின் இரண்டு வீடியோ சர்வர்களை (இன்னும் புதுப்பிக்காத பழைய பதிப்புதான்), பல சர்வர்களை ஒரே அழைப்பில் சேர்க்கும் ஆக்டோ முறையில் நான்தான் இணைத்திருந்தேன். ஒரே சர்வரில் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சர்வர் விட்டுச் சர்வர் எதுவும் போகவில்லை.

நேற்று நானும் அந்த நண்பரும் மட்டும் பேசிப் பார்த்தபோது எந்தக் குறையும் இல்லையே என்று சற்று நேரம் குழம்பினேன். இருவர் மட்டும் இருந்தால் ஜிட்சி வீடியோ சர்வரைத் தொடாமல் இரு கணினிகளையும் நேரடியாக இணைத்துவிடும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நேற்று நான் செய்தது சோதனையே அல்ல.

வந்து போகும் தரவுப் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை இரு சர்வர்களிலும் ஓட்டினேன். முதல் சர்வரிலிருந்து இரண்டாவதன் 4096 போர்ட்டுக்கு (எண்ணிட்ட வாசல் போன்றது) யுடிபி என்ற அனுப்பும் முறையில் பாக்கெட்டுகள் மளமளவென்று கிளம்பின. இரண்டாவதன் திரையில் ஒரு வரிகூட நகரவில்லை. பயனர்களுக்கான 10000 போர்ட்டை ஒழுங்காக யுடிபி என்று திறந்துவிட்டு, சர்வர்கள் தங்களுக்குள் பேசும் 4096-ஐ, எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் இரு ஃபயர்வால்களிலும், இன்னொரு அனுப்பும் முறையான டிசிபி என்று எழுதி வைத்திருந்தேன்.

அந்த ஒரு சொல்லைத் திருத்தியதும் கருப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. முதலில் தெரிந்தது நண்பரின் முகமல்ல, அவருக்குப் பின்னால் கொடியில் காய்ந்துகொண்டிருந்த கட்டம் போட்ட லுங்கி.