கரோக்கியில் காலை வாருவது குரல் அல்ல, சுருதி

கரோக்கியில் கேட்கச் சகிக்காமல் போகும் பாட்டுகளில் பல குரலால் கெடுவதில்லை. ஒத்துவராத சுருதியால் கெடுகின்றன. கர்நாடகக் கச்சேரியில் பாடகர் தன் கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, தானே வைத்துக்கொள்வார். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டி, பெண்கள் ஐந்து, ஐந்தரையை ஒட்டி. சினிமாப் பாட்டு அதைப் பாடியவரின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்தது. பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் ஓடும் கரோக்கி ட்ராக்கும் பெரும்பாலும் அதே சுருதியில்தான் வரும். எஸ்.பி.பி. சிரித்துக்கொண்டே தொட்ட இடத்துக்கு நாம் கழுத்து நரம்பு புடைக்க ஏறுவது இதனால்தான்.

பல்லவியை மட்டும் பாடிப் பார்த்துவிட்டு ‘இது எனக்குச் சரிப்படும்’ என்று முடிவெடுக்காதீர்கள். பல்லவி பெரும்பாலும் நடு ஸ்தாயியில் சாதுவாக இருக்கும். சரணத்தின் பின்பாதியில்தான் பல பாட்டுகள் மேல் ஷட்ஜத்தை (மேல் ‘ஸ’வை) தாண்டும். ஆகவே உச்சத்துக்குப் போகும் அந்த ஒரு வரியைத் தனியாக எடுத்து மூன்று முறை தொடர்ந்து பாடுங்கள். மூன்றாவது முறையும் தொண்டை இறுகாமல் வந்தால் ட்ராக்கைத் தொட வேண்டாம். இறுகினால் கரோக்கி ஆப்பில் சுருதியை -1 என்று இறக்குங்கள், அது அரைக்கட்டை. பிறகு -2, -3. ஒவ்வொரு முறையும் பாட்டின் மிகத் தாழ்ந்த வரியையும் பாடிப் பாருங்கள். அங்கே குரல் போய் வெறும் காற்று மட்டும் வந்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். -4ஐத் தாண்டினால் ட்ராக்கே கெட ஆரம்பிக்கும்: வயலின் கரகரக்கும், தபலா மந்தமாகும். அவ்வளவு இறக்கினால்தான் வரும் என்றால் வேறு பாட்டைத் தேடுவது நல்லது. பொருந்திய எண்ணைப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். மேடையில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

டூயட்டில் இது இன்னும் சிக்கல். ஆணுக்கு வசதியாக -3 இறக்கினால் பெண் குரல் கீழே போய் அமுங்கிவிடும். இருவரும் சேர்ந்து பாடிப் பார்க்காமல் டூயட்டுக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

அடுத்தது வரிகள். திரையில் ஓடும் தமிழ் வரிகள் பல சமயம் ஆங்கில எழுத்தில் இருக்கும். அதில் ‘ல’வும் ‘ள’வும் ‘ழ’வும் ஒன்றாகிவிடும். பாட்டை ஒரு தாளில் தமிழில் கையால் எழுதி, மூச்சு எடுக்கும் இடங்களில் சாய்கோடு போடுங்கள். மூச்சு சொல்லுக்கு நடுவில் விழக் கூடாது. நீளமான வரியில் கோடு போட இடமே இல்லை என்றால், முந்தைய வரியின் கடைசி நெடிலைக் கால் பங்கு முன்னதாக வெட்டி அங்கே எடுத்துக்கொள்ளுங்கள்; யாருக்கும் தெரியாது. இழுக்கும்போது உயிரொலியில் நில்லுங்கள். ‘வானம்’ என்பதை இழுக்க வேண்டுமானால் ‘ஆ’வில் நின்று, ‘ம்’மை முடிவில் தொட்டால் போதும். ‘ம்’மில் நின்றால் மூக்கால் பாடுவது போலிருக்கும். இன்னொன்று: எழுத்து நிறம் மாறுவதைப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் தாமதமாகத்தான் தொடங்குவீர்கள். இடையிசையில் சரணத்துக்கு முன்னால் வரும் கடைசித் தபலா உருட்டலையோ புல்லாங்குழல் துண்டையோ காதால் மனப்பாடம் செய்யுங்கள்.

பயிற்சியைப் பதிவு செய்யாமல் விட்டால் தவறு எங்கே என்றே தெரியாது. இயர்போனில் ட்ராக்கை ஒரு காதில் மட்டும், குறைந்த ஒலியில் வையுங்கள். மற்றக் காது உங்கள் குரலுக்கு. புளூடூத் வேண்டாம். ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் பதிவில் நீங்கள் தாளம் தப்பியதாகத் தெரியும். வயர் வைத்த இயர்போன்தான் சரி. பதிவைக் கேட்கும்போது சுருதி எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். நீண்ட வரிகளின் கடைசியில் மட்டும் இறங்கினால் மூச்சுப் போதவில்லை. ‘ஸ்ஸ்’ என்று சீராகக் காற்றை விட்டு 15 வினாடியில் தொடங்கி 25 வரை கொண்டுபோகும் பயிற்சி இதற்கு உதவும். தாவி ஏறும் இடத்தில் இறங்கினால் பயம்: மோவாயைத் தூக்கி, கழுத்தை நீட்டி எட்டிப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். மோவாயைத் தாழ்த்தி, வாயைக் கூடுதலாகத் திறந்து, சத்தத்தைச் சற்றே குறைத்துப் பாடிப் பாருங்கள். சுருதி மேலே ஓடினால் கத்துகிறீர்கள். சங்கதியும் (வரியை வளைத்துப் பாடும் நுணுக்கம்) பிருகாவும் (வேகமாக உருளும் ஸ்வரங்கள்) குழைந்து போனால், மூலப் பாட்டை யூடியூபில் 0.5 வேகத்தில் ஓடவிட்டு ஸ்வரம் ஸ்வரமாகப் பிடித்து, 0.75, பிறகு முழு வேகம். அப்படியும் வராத சங்கதியை விட்டுவிட்டு நேராகப் பாடுங்கள். அரைகுறைப் பிருகாவை விட அது எவ்வளவோ மேல்.

மைக்கை உதட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வாய்க்குச் சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் ஒவ்வொரு ‘ப’வும் ஸ்பீக்கரில் ‘பொம்’ என்று வெடிக்கும். உச்ச வரியில் ஒரு சாண் வரை விலக்கி, தாழ்ந்த வரியில் கிட்டே கொண்டுவாருங்கள். வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க ஸ்டைல்தான். ஆனால் பின்பக்க ஒலியைத் தவிர்க்கும்படி செய்யப்பட்ட மைக், பொத்தியதும் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்து ‘கூ’ என்று ஊளையிடும். எக்கோவைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். சுருதி பிசகை அது மறைப்பதில்லை; சொற்களைத்தான் மறைக்கும்.

பாடுவதற்கு முன் பத்து நிமிடம் போதும்: வாய் மூடி ‘ம்ம்’ என்று ரீங்காரம், உதட்டை ‘ப்ர்ர்’ என்று அதிரவிட்டு மேலும் கீழும், பிறகு சரளி வரிசை, அதாவது ஸரிகமபதநிஸ என்ற ஆரம்பப் பாடம், அகாரத்தில் (‘ஆ’ என்று மட்டும்). நேராக உச்ச வரியில் தொடங்க வேண்டாம். குடிக்கும் தண்ணீர் குரல் நாண்களில் நேராகப் படுவதில்லை; உடம்பில் ஊறித்தான் அங்கே போய்ச் சேரும். அதனால் மேடை ஏறும்போது குடிப்பதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கல்யாண ரிசப்ஷன் என்றால் பாடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். பிரியாணிக்குப் பின் வயிறு மூச்சுக்கு இடம் விடாது. புளித்த ஏப்பம் வேறு தொண்டையை எரிக்கும். கற்கண்டும் அதிமதுரமும் தொண்டைக்கு இதமாக இருக்கும்; சுருதியைத் திருத்தாது. செருமவும் வேண்டாம். செருமும்போது நாண்கள் ஒன்றோடொன்று மோதும். எச்சிலை விழுங்கினாலே சளி விலகும்.

மறுநாள் குரல் கட்டியிருந்தால் பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுப்பதும் ஓய்வு அல்ல. அதுவும் குரலுக்கு வேலைதான். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.