முகாமில் சித்திரை

09.04.2024, செவ்வாய்
யுகாதி. நான் தக்காளி பறிக்கப் போகும் தோட்டத்துக்காரம்மா வீட்டிலிருந்து ஒப்பட்டு வந்தது, போளிதான். அவர்கள் வீட்டில் தெலுங்கு, ரேஷன் கடையில் தமிழ், ஓசூர் சம்பந்திகளோடு கன்னடம். தருமபுரிப் பக்கம் இது சாதாரணம். நீங்கள் எந்த ஊர் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. 1990-ல் இலங்கையின் தலைமன்னாரில் படகேறி, மண்டபம் வழியாக இந்த அணைக்கரை அகதி முகாமுக்கு வந்த எங்களைத்தான் இன்னும் கேட்கிறார்கள். அம்மாவுக்கு ஒப்பட்டு பிடித்துவிட்டது. "தேங்காய்ப்பால் விட்டால் இன்னும் நல்லாயிருக்கும் பிள்ளை." எதற்குத்தான் விடமாட்டாள்!

14.04.2024, ஞாயிறு
வருசப்பிறப்பு. விடியுமுன்பே அம்மா மருத்துநீர் காய்ச்சிவிட்டாள். ஊரில் கோயில் ஐயர் காய்ச்சிக் கொடுப்பார். இங்கே துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு, மிளகு, திப்பிலி, பால் என்று கிடைத்ததைப் போட்டு அவளே. தாழம்பூவுக்கு எங்கே போவது? எல்லார் தலையிலும் தேய்த்தாள். மகள் மட்டும், "ஐயோ அம்மம்மா, நாத்தம் அடிக்குது, ஃப்ரெண்ட்ஸுங்க வராங்க" என்று ஷாம்பு போட்டு மறுபடி குளித்தாள். தருமபுரி அரசு மருத்துவமனையில் பிறந்தவள், வேறெப்படிப் பேசுவாள்? அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைவிசேசம் கொடுக்கையில் அவள் வெற்றிலையில் ஐம்பது ரூபாய், எங்களுக்குப் பத்து. மதியம் தோழிகள் புட்டையும் சம்பலையும் ஒரு பிடி பிடித்தார்கள்.

17.04.2024
பிரசாரம் முடிந்தது. ஆட்டோக்கள் முகாம் வாசலோடு திரும்பிவிட்டன. ஓட்டில்லாத தெருவில் டீசலை வீணாக்குவானேன்?

19.04.2024, வெள்ளி
தேர்தல். மகளின் போனில் மை வைத்த விரல்களாக வந்துகொண்டிருந்தன. திருச்சி முகாமில் ஒரு அக்கா ஓட்டுப் போட்டாங்களாமே, நான் ஏன் போட முடியாது என்றாள். அந்தப் பெண் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதை வைத்து உயர் நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கினார். இவள் பிறந்தது 2005. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், மற்றவரும் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. நாங்கள் இருவருமே படகில் வந்தவர்கள்.

"அப்ப ஊருக்கே போவம்" என்றாள் அம்மா.

"உங்க ஊருக்கா? அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"எனக்கும் இப்ப அங்க ஆரைத் தெரியும்?" அம்மாவே சிரித்துவிட்டாள்.

21.04.2024, ஞாயிறு
நாளை மகளுக்கு ஓசூர்க் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ. ஆதார் இருக்கிறது, அது போதும் என்கிறாள். கிடைத்தால் ஹாஸ்டல். வெளியே தங்க அனுமதி கேட்டு மனு எழுத வேண்டும். முகாமில் ஆளெண்ணும் செக்கிங் அன்று வந்து தலையைக் காட்டாவிட்டால் அவள் பேரில் வரும் அரசு உதவி ஆயிரம் ரூபாய் நின்றுபோகும். எனக்கு இந்தக் கணக்கு. அம்மாவோ ஹாஸ்டலுக்கென்று இப்போதே கறித்தூளுக்கு மல்லியும் மிளகாயும் வறுக்கிறாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்று அவளிடம் யார் சொல்வது?